கீற்றுத் தட்டிக்குள் தக்காளி

எங்கள் வீட்டில் அடுப்பு இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் கணவரின் தம்பி மனைவியுடையது. திருமயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் ஆட்களிடம் அதுதான் வழக்கம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அரிசி, பருப்பு, பாத்திரம், ஒரு சமையல்கட்டு எல்லாம் கொடுத்து அதே வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவார்கள். கூரை ஒன்று, கிணறு ஒன்று, சாமி அறை ஒன்று, உலை மட்டும் தனித்தனி. சண்டை வராமல் இருப்பதற்காகப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு என்பார்கள். செய்தவர்கள் ஆண்களாகத்தான் இருக்கவேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு சமையல்கட்டில் இரண்டு பெண்களை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அவள் என்னைவிட நாலு வயது சின்னவள். என்னை ஆச்சி என்று கூப்பிடுவாள், எங்களிடம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவது. வாய் ஓயாமல் பேசுவாள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், எந்த வேலையையும் மெனக்கெட்டுச் செய்யமாட்டாள். ஆனாலும் அவள் கை வைத்தது எல்லாம் நன்றாக வரும். அவள் உறை ஊற்றினால் தயிர் கட்டியாக நிற்கும். நான் அதே பாலில், அதே மோரில் ஊற்றினால் நூல் விடும். அவள் போட்ட வடகம் பூப்போலப் பொரியும். என்னுடையது கல்லாகக் கிடக்கும். அவளுக்கு எதிலும் கணக்குக் கிடையாது, அளவு கிடையாது. நான் படியால் அளந்து, ஆழாக்கால் அளந்து, விரலால் அளந்து செய்பவள். அளந்தவளுக்கு வராதது அள்ளிப் போட்டவளுக்கு வந்தால் வயிறு எரியுமா எரியாதா?

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னால் தாங்க முடியாதது சனிக்கிழமை.

அவள் கணவர் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போவார். என் கணவர் மலையாவில் ஒரு கடையில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலில் வந்து ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போவார். ரோட்டில் பஸ் ஹாரன் சத்தம் கேட்டதும் அவள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, நிலைக்கண்ணாடியில் தன்னை ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். நான் முற்றத்தில் காய்கிற மிளகாயைக் கிளறிக்கொண்டிருப்பேன். அது ஏற்கனவே காய்ந்துதான் இருக்கும்.

போன தடவை என் கணவர் லீவில் வந்திருந்தபோது ஒரு நாள் தம்பி வீட்டு அடுப்பில் சாப்பிட்டார். அவள் ரசத்தில் தக்காளி போட்டிருந்தாள். புதுக்கோட்டை மார்க்கெட்டில் அவள் கணவர் வாங்கி வந்த தக்காளி. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் தக்காளி என்றால் சீமைக் காய். எங்கள் மாமியார் அதைக் கையால் தொடமாட்டார். என் அடுப்பில் ரசம் என்றால் புளிதான். அவருக்கு மலையாவில் தக்காளி பழகியிருந்தது போலிருக்கிறது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு, "நல்லா இருக்கே இது" என்றார். நாலே நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்கு அவர் சொன்னதெல்லாம் "ம்" என்பது ஒன்றுதான். அன்றைக்கு அவள் கதவுக்குப் பின்னால் நின்று சந்தோஷத்தில் வளையலைக் குலுக்கியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அவர் கப்பல் ஏறப் போகும்போது, "அங்கிட்டுத் தக்காளி வெதை கெடச்சா அனுப்புங்க, நானும் போட்டுப் பாக்குறேன்" என்றேன். மறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறந்துதான் போயிருந்தார், இரண்டரை வருஷத்துக்கு. பிறகு ஒரு ஆவணி மாதத்தில் ஏர்மெயில் கடிதம் ஒன்று வந்தது. உள்ளே மடித்த காகிதத்தில் ஒரு கைப்பிடி விதை. தை மாதக் கடைசியில் வருகிறேன், வந்த அன்று நீ உன் கையால் வளர்த்த தக்காளியில் ரசம் வைத்துப் போடு, என்று எழுதியிருந்தார்.

உன் கையால் என்ற அந்த வார்த்தையை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாராவாரம் புருஷன் வருகிறவளுக்கு ஒரு வார்த்தை பெரிதில்லை. எனக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்து அதுதான் வந்திருந்தது. கடிதத்தைப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தேன். விதையை அவளுக்குக் காட்டவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே கிணற்றடியில், ஒரு கைப்பிடி விதையை இரண்டு மாதம் மறைத்து வைப்பது லேசான காரியமில்லை. நான் செய்தேன்.

தக்காளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சிவப்பாக இருக்கும் என்பதுதான். ஆனால் நெல்லைப் பற்றித் தெரியும். என் பிறந்த வீட்டுக்கு நாலு வயல் உண்டு. விதைக்கிற நாளில் விதைநெல்லை அண்டாத் தண்ணீரில் கொட்டுவார்கள். மிதப்பது பதர், அள்ளி வெளியே கொட்டவேண்டும். மூழ்குவதுதான் விதை. சின்ன வயதில் அந்தப் பதரை அள்ளுகிற வேலை எனக்கு. அதனால் ஐப்பசியில் நாள் பார்த்து, வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து அந்தக் கைப்பிடி விதையையும் கொட்டினேன்.

அத்தனையும் மிதந்தது. தட்டையாக, மேலே பூனை முடி போல ஏதோ ஒட்டிக்கொண்டு, சோம்பேறித்தனமாக மிதந்தது. கரண்டியால் கலக்கினேன். அப்போதும் பதினொன்றுதான் மூழ்கியது. பாவம், வெளியூரில் இருக்கிற மனிதரை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவர் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. மிதந்ததை எல்லாம் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றிவிட்டு, பதினொரு விதையைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அந்தச் சாக்கடையைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு சமையல்கட்டுத் தண்ணீரும் ஒரே கல் வாய்க்காலில் சேர்ந்து கொல்லைக்குப் போகும். கொல்லையை நடுவில் ஒரு வரிசைக் கல் வைத்துப் பிரித்திருந்தோம். மேட்டுப் பக்கம் எனக்கு, பள்ளத்துப் பக்கம் அவளுக்கு. வாய்க்கால் போய் முடிகிற இடம் அவள் பாத்திரம் துலக்குகிற கல்லுக்குப் பக்கம். அந்த ஏற்பாட்டில் எனக்கு நல்ல பங்கு கிடைத்தது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றில் ஆறு முளைத்தது. நாலு தேறியது. அவற்றை என் பக்கத்துச் சுவர் ஓரத்தில் நட்டேன். காலையில் எழுந்ததும் சாமி அறைக்குப் போவதற்கு முன்னால் அங்கேதான் போவேன். ஒரு நாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அடியாத்தீ! எம்புட்டு ஜோரா வந்திருக்கு ஆச்சி! என்ன செடி இது?"

"கத்திரி" என்றேன். வேறென்ன சொல்வது?

"கத்திரி எலை இப்புடியா இருக்கும்? புதுத் தினுசா இருக்கு. கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கு போங்க."

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு செடி அடியோடு அறுந்து தரையில் கிடந்தது. கத்தியால் வெட்டினாற்போல. மண்ணுக்குள் ஒரு புழு இருந்து அப்படி வெட்டும் என்பது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவள் கண்.

அன்றே கீற்று வரவழைத்தேன். செடி மூன்றையும் சுற்றி நாலு பக்கமும் என் தலைக்கு மேல் உயரமாகத் தட்டி கட்டினேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று மேலேயும் இரண்டு கீற்றைப் போட்டேன். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டு, அதையும் கோணிப்பையால் மூடினேன். உள்ளே ஒரு கம்பு நட்டு, சுண்ணாம்புப் புள்ளி குத்திய சட்டி ஒன்றைக் கவிழ்த்தேன். யாரும் பார்க்க முடியாத இடத்தில் திருஷ்டிச் சட்டி எதற்கு என்று கேட்க அப்போது எனக்குப் பக்கத்தில் ஆளில்லை. இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

உள்ளே உட்கார்ந்து நான் அந்தச் செடிகளுக்குச் செய்த சேவகத்தை என் மகளுக்குச் செய்ததில்லை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். சாணத்தைக் கரைத்து ஊற்றினேன். அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், எது சத்து என்று தோன்றியதோ அதெல்லாம். செடிகளும் நன்றியோடு வளர்ந்தன. மார்கழி பிறக்கும்போது என் உயரம் வந்துவிட்டது. இலை கருகருவென்று உள்ளங்கை அகலம். மஞ்சளாகப் பூ வந்தது. ஒவ்வொரு பூவையும் எண்ணி வைத்தேன்.

பூ எல்லாம் உதிர்ந்தது. ஒன்று விடாமல். காம்போடு ஒடிந்து கீழே விழும். மறுபடி பூக்கும், மறுபடி உதிரும். தினமும் காலையில் அந்த மஞ்சள் பூவைக் கூட்டி அள்ளுவது ஒரு வேலையாகிவிட்டது. பிண்ணாக்கைக் கூட்டினேன். உதிர்வதும் கூடியது.

அதே மார்கழியில்தான் அவள் பக்கம் நடந்ததைப் பார்த்தேன். பாத்திரம் துலக்குகிற கல்லுக்குப் பக்கத்தில், சாம்பலும் புளிச் சக்கையும் குமிந்து கிடக்கிற இடத்தில், மூன்று தக்காளிச் செடிகள். இடுப்பு உயரம்கூட இல்லை. ஒன்று தரையில் சாய்ந்தே கிடந்தது. முட்டுக் கொடுக்கவில்லை, பாத்தி கட்டவில்லை. அவள் பாத்திரம் துலக்கும்போது எச்சில் தண்ணீர் அதன் தலையிலேயே தெறிக்கிறது. அந்தச் செடியில் காய். கொத்துக் கொத்தாக.

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று ஞாபகம் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதப் பாத்தீங்களா ஆச்சி? தானா மொளச்சிருக்கு. நான் ஒண்ணும் போடலை. பிடுங்கித் தூரப் போடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள பிஞ்சு விட்டுருச்சு."

தானாக முளைத்ததாம். நான் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. புதுக்கோட்டையிலிருந்து சனிக்கிழமை பையில் விதை வந்திருக்கிறது, நான் போட்டதைப் பார்த்துப் போட்டியாகப் போட்டிருக்கிறாள், ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் கத்திரி என்று சொன்னதை அவள் நம்பியிருக்கமாட்டாள். அவள் சொன்னதை நான் மட்டும் ஏன் நம்பவேண்டும்?

காய் பழுக்க ஆரம்பித்தது. அதிலும் அவளுக்கு ஒரு தனி தினுசு. சந்தையில் வருகிற தக்காளி பூசணி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அவளுடையது கோழிமுட்டை போல நீளமாக, வழுவழுப்பாக, நுனியில் சின்ன மூக்கோடு இருந்தது. அக்கம்பக்கத்தில் இருந்து பெண்கள் பார்க்க வந்தார்கள். எத்தனை கண் பட்டிருக்கும் அந்தச் செடிமேல்! ஒரு இலைகூட வாடவில்லை. ஆறு வயது ஆகப்போகிற என் மகள் ஒரு நாள் வாயெல்லாம் சிவப்பாகச் சாறு வழிய என் சமையல்கட்டுக்குள் வந்து, "சின்னாத்தா பழம் குடுத்தாக. நம்ம செடியில எப்ப ஆத்தா பழுக்கும்?" என்று கேட்டாள். வாயைத் துடைத்துவிடுகிற சாக்கில் கொஞ்சம் அழுத்தியே துடைத்துவிட்டேன். பிள்ளை அழுதது.

அதற்கு மேல் ஒன்று நடந்தது. சீமைக் காயைக் கையால் தொடாத எங்கள் மாமியார் அவள் அடுப்பில் தக்காளித் துவையலைத் தொட்டு இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, முற்றத்தில் வந்து உட்கார்ந்து, என் காதுபட, "புளிப்பா நல்லாத்தேன் இருக்கு" என்றார். இத்தனை வருஷமாக என் அடுப்பில் அவருக்கு என்னென்னவோ பொங்கிப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் உப்பு கூட, காரம் கம்மி என்பார். எல்லாவற்றையும் எழுதினால் காகிதம் தீர்ந்துவிடும்.

தை பிறந்து பாதி போனபோது கடிதம் வந்தது. நாகப்பட்டினத்தில் இறங்கி இன்ன கிழமை ரயிலில் திருமயம் வருகிறேன் என்று. இன்னும் ஆறு நாள். அன்று காலையில்தான் கடைசியாக மிச்சம் இருந்த பூக்களும் உதிர்ந்திருந்தன. மூன்று செடியிலும் தேடினேன். இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மிளகு அளவு ஒரு பிஞ்சுகூட இல்லை.

அன்றைக்கு நான் செய்ததை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. உச்சிவேளைக்குச் சோறு வடித்தேன். வடித்த கஞ்சியைக் கொண்டுபோய்க் கொல்லையில் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது தினமும் செய்கிற வேலைதான். தொட்டி அவள் பக்கத்தில், துலக்குகிற கல்லுக்கு இரண்டடி தள்ளி. தினமும் கஞ்சி ஆறின பிறகு கொண்டுபோவேன். அன்றைக்கு ஆறவிடவில்லை. ஆவி பறக்கிற பானையைத் துணி போட்டுப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் உள்ளே பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற சத்தம் கேட்டது. என் பிள்ளைக்குத்தான். என் பிள்ளைக்கு அவள் கதை சொல்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய செடிகளில் பெரியதாக, பழம் அதிகமாக இருந்ததன் அடியில் அந்தக் கஞ்சியை முழுவதும் ஊற்றினேன்.

கைதவறி ஊற்றவில்லை. நின்று, நிதானமாக, சுற்றி வர ஊற்றினேன். ஊற்றும்போது சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலமே இலை தொங்கிவிட்டது. மறுநாள் காலை தண்டு கறுத்து, பழங்கள் சுருங்கித் தொங்கின. தண்டைச் சுற்றிக் கஞ்சி காய்ந்து வெள்ளையாக ஏடு கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரண்டொரு சோற்றுப் பருக்கையும் கிடந்தது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். அவள் வாசலைத் தெளித்துவிட்டு வருவதற்குள் சுரண்டிவிடலாம் என்று எழுந்தேன், மாமியார் காபிக்குக் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்தபோது ஏடு இல்லை, பருக்கை இல்லை. அந்த இடத்தைச் சுரண்டி, புது மண் போட்டு, கையால் தட்டி வைத்திருந்தது. அவள் கல்லில் உட்கார்ந்து ஒரு செம்பைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"பனிக்குக் கருகிருச்சு போல ஆச்சி" என்றாள். செம்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கும்" என்றேன்.

அவள் தெரிந்துகொண்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது. அதன் பிறகு ஐந்து நாள், அவள் எப்போதும் போல வாய் ஓயாமல் பேசினாள். நான்தான், மாமியாரோடு அவள் தனியாகப் பேசுகிற ஒவ்வொரு தரமும், தூணுக்குப் பக்கத்தில் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

அவர் வந்தார். கறுத்து, இளைத்து, காதோரம் நரைத்து வந்தார். மகள் அவரைப் பார்த்து என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். குளித்து, சாமி கும்பிட்டு, என் அடுப்பில் இலை போட்டு உட்கார்ந்தார். புளி ரசத்தை ஊற்றினேன். ஒரு வாய் குடித்தார்.

"தக்காளி போடலையா?"

"பூத்துச்சு. காய்க்கலைங்க" என்றேன். மூன்று வருஷம் கழித்து வந்தவரிடம் நான் முதன்முதலாகச் சொன்ன முழு வாக்கியம் அதுதான்.

"ம்" என்றார்.

கை கழுவக் கொல்லைக்குப் போனவர் தட்டியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். கோணியை விலக்கிக் காட்டினேன். உள்ளே தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார். இருட்டுக்குள் இலையாக நிற்கிற செடி, சுண்ணாம்புச் சட்டி, தரையில் அன்றைக்கு உதிர்ந்த பூ. சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தக்காளிக்கு என்ன கோஷாவா போட்டு மூடிவச்சிருக்கே? வெயில் படாம, காத்து அடிக்காம இது எப்புடிக் காய்க்கும்? செடியா வளத்திருக்கே, இது மரமாட்டம்ல நிக்குது!"

சிரித்துக்கொண்டே திரும்பியவர், கல்வரிசைக்கு அந்தப் பக்கம் பார்த்து நின்றுவிட்டார். மிச்சம் இருந்த இரண்டு செடியிலும் பழம் சிவந்து தொங்கியது. கிட்டப் போய்க் குனிந்து ஒரு பழத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"இது நான் அனுப்புன வெதையில்ல? இந்த மூக்கு நம்ம ஊரு பழத்துக்கு வராதே. நாங்க அங்க திங்குறது இதுதான்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு வெண்கலக் கிண்ணம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தண்ணீர்மேல் மிதந்த விதை. பதர் என்று சாக்கடையில் நான் ஊற்றியது. கல் வாய்க்கால். அது போய் முடிகிற இடம். ஒரு மாதத்துக்கு மேலாக நான் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்த செடி, என் விதை. அவர் எனக்கென்று காகிதத்தில் மடித்து அனுப்பிய விதை. அவள் சொன்னது அத்தனையும் நிஜம், தானாகத்தான் முளைத்தது. நான் கஞ்சி ஊற்றிக் கொன்றது என்னுடையதை.

"தம்பி வீட்டுக்கும் பங்கு குடுத்திருக்கியா?" என்றார் அவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவது? கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. "அனுப்புனது ஒரு பிடி. அதுல பாதியையும் அந்தப் பிள்ளைக்குக் குடுத்துட்டு நீ மூணு செடியோட நின்னியாக்கும்."

இல்லை என்று சொல்லவேண்டிய இடம் அது. கோணியை இழுத்துத் தட்டியின் வழியை மறுபடி மூடினேன்.

பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் கணவரின் அண்ணனுக்கு முன்னால் பெண்கள் வரமாட்டார்கள், நேராகப் பேசவும் மாட்டார்கள். ஏதாவது சொல்லவேண்டுமானால் நடுவில் ஒரு பிள்ளையை வைத்துச் சொல்வார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்ற என் மகளிடம் அவள் சொன்னாள்.

"அப்பச்சிகிட்டச் சொல்லும்மா. ஆமா, ஆத்தாதான் வெதை குடுத்தாகன்னு. மூணு கன்னு வந்துச்சாம், ஒண்ணு பனியில போயிருச்சாம்னு சொல்லு."

மகள் அதுவரை அப்பச்சி என்று கூப்பிட்டு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இந்த வேலை கொடுத்ததும் தைரியமாக முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். அவர் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் ஒரு கிண்ணம் நிறையப் பழம் கொண்டுவந்து என் சமையல்கட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இராத்திரிக்கு அதில்தான் ரசம் வைத்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். "நல்லா இருக்கே இது" என்றார். மூன்று வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த அதே சொல்.

மறுநாள் துலக்குகிற கல்லில் அவளிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குக் கோபம்தான் வந்தது. நானாக இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று என்ன சொல்லியிருப்பேன் என்று ராத்திரி பூராவும் யோசித்துவிட்டேன். கஞ்சி விஷயத்தைத்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கு அந்தப் பதில் ஒரு நொடியில் வந்தது, அள்ளிப் போட்டாற்போல. தயிர், வடகம், தக்காளி எல்லாம் போய்க் கடைசியில் இதுவும் அவளுக்குத்தான் நன்றாக வருகிறது.

"எதுக்கு அப்புடிச் சொன்னே?" என்றேன்.

சாம்பல் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை. அதுதான் பொறுக்கவில்லை, கேலியே இல்லை.

"வேற என்ன ஆச்சி சொல்றது? மூணு வருசம் கழிச்சு வந்திருக்காக. எனக்கென்ன, வாராவாரம் வந்துர்றாகல்ல" என்றாள்.

என்னிடம் அந்த நேரத்தில் ஒரு பானைக் கஞ்சி இருந்திருந்தால் அவள் தலையிலேயே ஊற்றியிருப்பேன். இல்லாததால், என் பக்கத்துக்குப் போய்த் தட்டியைப் பிரிக்க ஆரம்பித்தேன். கயிற்றை நானே இறுக்கி முடிந்திருந்தேன், அவிழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு கல்வரிசையைத் தாண்டி வந்தாள். அந்தப் பக்கத்துக் கயிற்றை அவள் அறுத்தாள், இந்தப் பக்கத்துத் தட்டியை நான் பிடித்துக்கொண்டேன். அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் அவளுக்குச் சனிக்கிழமை என்பது என் ஞாபகத்தில் இருந்தது.